சிஸ்டம்/360 உண்மையில் எதை மாற்றியது?

கேள்வி: இரவுப்பணி நிரலர்

அனைவருக்கும் வணக்கம். நான் நான்கு ஆண்டுகளாக மெயின்ஃபிரேம் என்னும் பெரிய நிறுவனக் கணினியில் கோபால் மொழி நிரல்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர், ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வராமல் போயிருந்தால் பைட் என்பதற்கு (இன்று எட்டு பிட், அதாவது 0 அல்லது 1 ஆகிய எட்டு இலக்கங்கள்) இன்று வேறு அளவு இருந்திருக்கும் என்றும், நாம் எழுதும் நிரல்கள் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குப்பைக்குப் போயிருக்கும் என்றும் அடிக்கடி சொல்வார். கல்லூரிப் பாடநூலிலோ அது ‘மூன்றாம் தலைமுறைக் கணினி’ என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. மூத்தவர் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழைய பாசம்? அந்த இயந்திரம் புதிதாகக் கொண்டுவந்தது என்ன, பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: துளையட்டைக்காரர்

தம்பி, உங்கள் மூத்தவர் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் பைட்டிலிருந்து தொடங்கினால் கதையின் முக்கியமான பகுதி கைநழுவிவிடும்; 1964க்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதிலிருந்து பார்க்க வேண்டும்.

அன்று ஐபிஎம் நிறுவனமே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல வரிசைகளை விற்றுக்கொண்டிருந்தது. கணக்கு வழக்குக்கு 1401, அறிவியல் கணிப்புக்கு 7090, சிறிய பொறியியல் வேலைக்கு 1620 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுதி (இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்) இருந்தது. 1401 போதவில்லை என்று பெரிய இயந்திரத்துக்கு மாறும் வாடிக்கையாளர், அதுவரை எழுதிய நிரல்கள் அனைத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. எப்படியும் திரும்ப எழுதத்தான் வேண்டும் என்றால் போட்டி நிறுவனத்தின் இயந்திரத்தையே வாங்கிவிடலாமே என்று அவர் நினைப்பதில் தவறில்லை. ஹனிவெல் நிறுவனம் 1963 டிசம்பரில் தன் 200 வகை இயந்திரத்தை, 1401 நிரல்களை மாற்றித் தரும் வசதியோடு அறிவித்தது சரியாக இந்த இடத்தில்தான் அடித்தது.

1961ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனத்துக்குள் அமைந்த ஒரு குழு, பழைய வரிசைகள் அனைத்தையும் கைவிட்டு ஒரே குடும்பமாகக் கட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1964 ஏப்ரல் 7 அன்று ஆறு மாடல்கள் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. வேகத்தில் சிறியதற்கும் பெரியதற்கும் இடையே ஏறத்தாழ 50 மடங்கு வேறுபாடு. ஆனால் கட்டளைத் தொகுதி ஒன்றே. நினைவகமும் துணைக்கருவிகளும் போதுமான அளவு இருந்தால், சிறியதில் ஓடிய நிரல் பெரியதிலும், பெரியதில் ஓடியது சிறியதிலும் ஓடும்.

இதை அவர்கள் எப்படிச் சாதித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. மாடல் 30இன் உள்ளே தரவு செல்லும் பாதை எட்டு பிட் அகலம் மட்டுமே. 32 பிட் எண்கள் இரண்டைக் கூட்டு என்று நிரல் ஒரே கட்டளை கொடுத்தால், அந்த இயந்திரம் பைட் பைட்டாக நான்கு முறை கூட்டி, மீதியை அடுத்த பைட்டுக்குக் கொண்டுசென்று விடையைத் தரும். அந்தச் சிறு படிகள், படிக்க மட்டுமே கூடிய ஒரு நினைவகத்தில் மைக்ரோகோடாக எழுதப்பட்டிருந்தன. மாடல் 75இல் மைக்ரோகோட் கிடையாது. மின்சுற்றுகளே நேரடியாக வேலையை முடித்துவிடும். வெளியிலிருந்து பார்க்கும் நிரலுக்கோ இரண்டும் ஒன்றே. வடிவமைப்பாளர்களான ஜீன் ஆம்தால், கெரிட் பிளாவ், ஃபிரெட் புரூக்ஸ் மூவரும் 1964இல் வெளியிட்ட கட்டுரையில், நிரலரின் கண்ணுக்குத் தெரியும் இந்த வெளித்தோற்றத்துக்குத்தான் ‘ஆர்க்கிடெக்சர்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று ஒரே நிரல் இன்டெல் சில்லிலும் ஏஎம்டி சில்லிலும் ஓடுகிறது என்றால், அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் இதுவே.

இப்போது பைட்டுக்கு வருகிறேன். ஆறு பிட் எழுத்தில் 64 குறியீடுகள்தான் அடங்கும். பெரிய எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றோடு இடம் தீர்ந்துவிடும். ஆம்தால் ஆறு பிட் பக்கம் நின்றார், புரூக்ஸ் எட்டு பிட் பக்கம் நின்றார். முடிவு புரூக்ஸ் பக்கம் சாய்ந்தது. எட்டு பிட்டில் சிறிய ஆங்கில எழுத்துகளும் அடங்கின, கணக்கு வேலைக்கு ஒரு பைட்டில் இரண்டு பதின்ம இலக்கங்களையும் வைக்க முடிந்தது. இலக்கங்களை இப்படி இரண்டிரண்டாக அடைக்க உங்கள் கோபாலில் ‘காம்ப்-3’ என்று எழுதுகிறீர்களே, அது இந்த முடிவின் நேரடி வாரிசு.

சென்னை ஐஐடிக்கு 1973இல் வந்த 370/155 இதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை. நிரலைத் துளைகளாகப் பதித்த அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து ஒரு காற்புள்ளிப் பிழைக்கான அச்சுத்தாளை வாங்கிக்கொண்டு போன தலைமுறைக்கு நான் சொல்வது புரியும்.

பதில்: எதிர்வாதி

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ‘முதலில் செய்தது’ என்ற பெருமையை சிஸ்டம்/360க்குக் கொடுக்க நான் தயங்குவேன். பைட் என்ற சொல்லை வெர்னர் புக்ஹோல்ட்ஸ் 1956இல் ஸ்ட்ரெட்ச் என்ற வேறொரு ஐபிஎம் இயந்திரத்தின் வடிவமைப்பின்போது உருவாக்கினார்; அங்கே பைட்டின் அளவு ஒன்று முதல் எட்டு பிட் வரை மாறக்கூடியது. மைக்ரோகோட் என்ற யோசனையைக் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் 1951இலேயே முன்வைத்துவிட்டார். ஒருங்கிணைந்த சுற்றுகளால் ஆனது என்ற பொருளில் பாடநூல் சொல்லும் ‘மூன்றாம் தலைமுறை’ என்பதும் முழு உண்மை அன்று. அந்த இயந்திரங்களில் இருந்தவை ஒற்றைச் சில்லில் செதுக்கிய ஒருங்கிணைந்த சுற்றுகள் அல்ல, சிறு பீங்கான் தகட்டில் டிரான்சிஸ்டர்களையும் டயோடுகளையும் தனித்தனியே பொருத்திய கலப்புச் சுற்றுகள்.

தவறவிட்டவையும் உண்டு. மெய்நிகர் நினைவகம் (துணைச் சேமிப்பையும் சேர்த்து, உள்ளதைவிடப் பெரிய நினைவகம் இருப்பதுபோல் காட்டும் முறை) மான்செஸ்டரின் அட்லஸ் இயந்திரத்தில் 1962இலேயே இருந்தது. 360இன் முதல் மாடல்கள் எதிலும் அது இல்லை. பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையில் ஆராய்ந்துகொண்டிருந்த எம்ஐடி, இந்தக் குறையால்தான் மல்ட்டிக்ஸ் என்ற இயக்குதளத் திட்டத்துக்கு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் 1969இல் விலகிய பிறகு அங்கே யூனிக்ஸ் இயக்குதளம் பிறந்தது. இழந்த இடத்தைப் பிடிக்க ஐபிஎம் மாடல் 67 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்காக எழுதப்பட்ட சிபி-67 என்ற மென்பொருள், ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழு 360 இருப்பதுபோலவே காட்டியது. இன்று மேகக் கணிமையில் நாம் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு அது முன்னோடி. ஆக, நிறுவனம் திட்டமிட்டுச் செய்ததைப் போலவே சறுக்கியதும் வரலாற்றை நகர்த்தியிருக்கிறது.

ஓஎஸ்/360 இயக்குதளத்தின் கதை தெரிந்ததே. உச்சக்கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தும் அது தாமதமாகத்தான் வந்தது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் பின்னாளில் எழுதியது இந்த அனுபவத்தால்தான். நம் மேலாளர்கள் அதை மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த நாளே ஐந்து பேரைச் சேர்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பதில்: துளையட்டைக்காரர்

எதிர்வாதி சொன்ன தகவல்கள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வில்க்ஸின் யோசனை ஆய்வகத்தில் இருந்தவரை அது யோசனைதான். ஏறத்தாழ 500 கோடி டாலர் முதலீட்டில், தன் சொந்த வருமானத்தையே பணயம் வைத்து, அதை ஆயிரக்கணக்கான அலுவலகங்களுக்கு ஒரு நிறுவனம் கொண்டுபோனபோதுதான் மற்றவர்களும் அதன் வழிக்கு வந்தார்கள். ஆர்சிஏ நிறுவனம் தன் ஸ்பெக்ட்ரா 70 வரிசையை 360ஐ ஒட்டி அமைத்தது. சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளி நாடுகளும் ஒரு முழு வரிசையையே இதைப் பார்த்துச் செய்தன. ஆம்தாலே 1970இல் வெளியேறி, இதனோடு ஒத்துப்போகும் இயந்திரங்களை விற்கத் தொடங்கினார்.

பதில்: இடமாற்றப் பொறியாளர்

இரு பெரியவர்களும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்: அன்றைய சமரசங்களும் இன்றுவரை நம்மோடு வருகின்றன.

துளையட்டையில் ‘ஏ’ முதல் ‘ஐ’ வரையிலான ஆங்கில எழுத்துகளுக்கு 12ஆம் வரிசையில் ஒரு துளையும் 1 முதல் 9 வரை ஒரு துளையும் போடுவார்கள். ‘ஜே’ முதல் ‘ஆர்’ வரை 11ஆம் வரிசை. ‘எஸ்’ முதல் ‘இசட்’ வரை பூச்சிய வரிசையோடு 2 முதல் 9 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு தரும் சிஸ்டம்/360இன் எப்சிடிக் குறியீடு இந்த அமைப்பை அப்படியே பைட்டுக்குள் கொண்டுவந்தது. அதனால்தான் ‘ஐ’ எழுத்துக்கும் ‘ஜே’ எழுத்துக்கும் நடுவே அதில் இடைவெளி இருக்கிறது. மற்ற கணினிகளில் வழங்கும் ஆஸ்கி குறியீட்டின்படி வரிசைப்படுத்தினால் எண்கள் முன்னால், எழுத்துகள் பின்னால். எப்சிடிக்கில் எழுத்துகள் முன்னால், எண்கள் பின்னால்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கோப்புகளை மெயின்ஃபிரேமிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். எழுத்தும் எண்ணும் கலந்த வாடிக்கையாளர் எண்களின் வரிசையில் அமைந்த இரண்டு கோப்புகளை ஒப்பிடும் நிரல் ஒன்று இருந்தது. ஒரு கோப்பைப் புதிய இயந்திரத்தில் வரிசைப்படுத்தியிருந்தோம். மற்றொன்று பழைய வரிசையிலேயே வந்திருந்தது. நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்து, நல்ல நிலையில் இருந்த பல வாடிக்கையாளர்களைக் ‘காணவில்லை’ என்று அச்சிட்டது. இரண்டு இரவுகள் நிரலின் தர்க்கத்தையே துருவிக்கொண்டிருந்த பிறகுதான், தவறு துளையட்டைக் காலத்திலிருந்து வருகிறது என்று புரிந்தது.

பதில்: இரவுப்பணி நிரலர்

மூவருக்கும் மிக்க நன்றி. இதைப் படித்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. எங்களிடம் உள்ள பழைய நிரல் ஒன்றின் இணைப்புப் பட்டியலில் ‘ஏமோடு 24’ (நிரல் 24 பிட் நினைவக முகவரிகளில் ஓடும் என்ற குறிப்பு) என்று இருக்கிறது. அதை 31 ஆக்கிவிடலாம் என்றால் மூத்தவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார். அதுவும் 360இலிருந்து வந்ததுதானா?

பதில்: இடமாற்றப் பொறியாளர்

ஆம், அங்கிருந்தே வந்தது. 360இல் ரெஜிஸ்டர் (செயலிக்குள் மதிப்பை வைக்கும் சிறு இடம்) 32 பிட் அகலம், முகவரியோ 24 பிட். அதாவது 16 மெகாபைட். மேலுள்ள எட்டு பிட்டுகளை இயந்திரம் கண்டுகொள்ளாது. நினைவகம் அரிதாக இருந்த காலம் என்பதால், அந்த வெற்றிடத்தை வீணாக்க மனமில்லாத நிரலர்கள் அதில் தங்கள் சொந்தக் குறிகளைச் செருகி வைத்தார்கள். துணைநிரலுக்கு அனுப்பும் அளபுருப் பட்டியலில் கடைசி முகவரி இதுதான் என்று காட்ட முதல் பிட்டை 1 ஆக்கும் வழக்கமும் அதில் ஒன்று. 1980களில் முகவரியை விரிவாக்கியபோது 32 பிட்டுக்குப் போகாமல் 31இல் நின்றதற்குக் காரணம், அந்த ஒரு பிட்டைக் கைவிட முடியாததே. பழைய 24 பிட் நிரல்கள் 16 மெகாபைட் ‘லைனுக்குக் கீழே’ இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கோபால் நிரல் ஏதேனும் பழைய அசெம்பிளர் துணைநிரலை அழைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தத் துணைநிரல் முகவரியின் மேல் பைட்டில் எதையாவது வைத்திருந்தால், 31 ஆக மாற்றியவுடன் அந்தக் குறியும் முகவரியின் பகுதியாகிவிடும். நிரல் எங்கோ இல்லாத இடத்தைத் தொட்டு எஸ்0சி4 அபெண்டில் (தவறான முகவரியால் நிரல் பாதியில் நிற்பது) விழும். துணைநிரலின் மூலநிரல் கையில் கிடைக்கும் வரை உங்கள் மூத்தவர் பேச்சைக் கேட்பது நல்லது.