புதுப்பிப்பு: கானாவில் ஞாயிறு ஆராதனை, விட்டுப்போன காணிக்கை விவரம்

கானா தேவாலயத்துக்குப் போவது பற்றிய முந்தைய பதிவில், காணிக்கை ஒருமுறைதான் என்று எழுதியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன். பல சபைகளில் இரண்டு, மூன்று முறை எடுப்பார்கள். கையிலிருப்பதையெல்லாம் முதல் பெட்டியிலேயே போட்டுவிட்டால் அடுத்த சுற்றில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். 5, 10 செடி (கானா நாணயம்) நோட்டுகளாக மாற்றித் தனித்தனியே மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு உங்களிடம் வராது. நீங்கள்தான் பெட்டிக்குப் போக வேண்டும், அதுவும் ஆடிக்கொண்டே. வரிசையாக எழுந்து, டிரம்ஸ் தாளத்துக்குச் சின்னச் சின்ன அடி வைத்து, வெள்ளைக் கைக்குட்டையைத் தலைக்கு மேல் சுழற்றியபடி நகர்வார்கள். ஆட வராவிட்டால் தாளத்துக்கு நடந்தாலே போதும். பணத்தை வலது கையால்தான் போட வேண்டும். அங்கே இடது கையால் கொடுப்பது அவமரியாதை. அதனால் கைக்குட்டை இடது கையில் இருக்கட்டும்.

மிக அழகானது கிழமைக் காணிக்கை. பிறந்த கிழமைப்படி குழுவாக அழைப்பார்கள். எந்தக் கிழமை அதிகம் கொடுத்தது என்று அறிவிக்கும்போது கூடமே அதிரும். அங்கே பிறந்த கிழமையை வைத்துப் பெயரும் உண்டு: வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, சனி என்றால் க்வாமே. கானாவின் முதல் அதிபர் க்வாமே இங்க்ருமாவின் பெயர் அப்படி வந்ததுதான். உங்கள் பிறந்த கிழமையைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். தெரியாமல் போனால் எந்தக் குழுவோடு எழுவதென்று திணறுவீர்கள்.

ஸ்பீக்கருக்கு எதிரே மட்டும் உட்காராதீர்கள்.