வீட்டில் ஓர் ஓவியர் இருந்தார்: இலங்கை மலையகத்து அனுபவங்கள்

கொட்டகலைப் பேத்தி:
தாத்தா பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார், பொழுது சாய்ந்தால் தூரிகை எடுப்பார். காமன் கூத்துத் திரை, தேர்த் திருவிழாச் சப்பரம், கோயில் உள்சுவர் எல்லாம் அவர் கைதான். தோட்டத்துக்கு ஒருத்தர் இப்படி இருந்திருப்பார், உங்களுக்கே தெரியும். எனக்கு ஆறாமல் இருப்பது கும்பாபிஷேகத்துக்கு முன்னால் சுவர் சுரண்டிய நாள். நான் போய்ச் சேர்ந்தபோது மாரியம்மன் முகம் மட்டும்தான் மிச்சம். சுரண்டி பட்டு மேல்வர்ணம் உதிர்ந்த இடத்தில், கண்ணுக்குக் கீழே இன்னொரு கண் தெரிந்தது. முதலில் வரைந்த கண் பிடிக்காமல், தாத்தா அதை மூடிவிட்டுச் சற்று மேலே ஏற்றி வரைந்திருக்கிறார். அவர் யோசித்ததை அவர் போன பிறகு சுவரில் பார்க்கிறேன்! "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, தூசி விழும்" என்றான் வேலை செய்த பையன். போனில் ஒரு படம் எடுத்தேன். அடுத்த இழுப்பில் இரண்டு கண்ணும் போய்விட்டன. இப்போது அங்கே டைல்ஸ். தேயிலைப் பெட்டிப் பலகையில் அவர் வரைந்த சில படங்கள் வீட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். உங்கள் வீடுகளில் இப்படி யாராவது இருந்தார்களா?

பசறைக்காரன்:
தங்கச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வாசிக்கிறவர்கள் கோயில் கமிட்டியை வில்லனாக நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம், அதற்கு முன் சுவர் புதுசாக வேண்டும். மலைநாட்டு மழையில் சுண்ணாம்புப் பூச்சு உள்ளுக்குள்ளே பொரிந்து போயிருக்கும். அதன் மேல் இருக்கும் படத்தை எப்படி வைத்துக்கொள்வது?

எங்கள் பெரியப்பாவும் கோயில் ஓவியர்தான். தனக்கு முந்தினவர் வரைந்த முருகனின் மேல் அவரே வெள்ளையடித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தவர் உடனே பூசவில்லை. சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றார். அந்த அண்ணன் யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, பெரியப்பாவும் போய்விட்டார். சுவர் போனதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. அந்தப் பெயர் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

கூடலூரிலிருந்து:
நாங்கள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த குடும்பம். புறப்படுகிறவர்களின் ட்ரங்குப் பெட்டிகளில் பெயர் எழுதிக் கொடுத்தவர் எங்கள் தாய்மாமா. பெயரோடு நிறுத்த மாட்டார். மூடியின் உள்பக்கம் அவரவர் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலிலிருந்து தெரியும் மலையை எனாமலில் வரைந்துவிடுவார். வெளியே வரைந்தால் கப்பலில் உரசிப் போகுமாம்.

இங்கே ஒரு கல்யாண வீட்டில், யாரோ ஒரு பாட்டி சேலை எடுக்கப் பெட்டியைத் திறந்தார். மூடியில் எங்கள் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), அதன் புகைபோக்கி, பின்னால் மலை! "பாட்டி, இது யார் வரைஞ்சது?" என்றேன். "அங்க ஒரு பெயின்டர் தம்பி இருந்துச்சு, காசு வாங்காது" என்றார். மாமா என்று சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. இதுபோல எத்தனை மூடிகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கட்டிலடியில் கிடக்கின்றனவோ.

கண்டி வாசகி:
என் அப்பா கடைகளுக்குப் போர்ட் எழுதியவர். தண்ணீர் வர்ணத்தில் மகாவலியை வரைவார். அவர் போன பிறகு உறவுக்காரர் ஒருவர் அன்பினால் அவற்றை லேமினேட் செய்து கொண்டுவந்தார். சூட்டில் நீலம் எல்லாம் குழம்பி, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு காற்றுக்குமிழி. அதை உரிக்கவே முடியாது.

கொட்டகலைத் தங்கச்சி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லேமினேட் வேண்டாம், செலோடேப் வேண்டாம். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வைக்காதீர்கள், அதிலுள்ள அமிலம் படத்துக்கு ஏறும். பலகைப் படத்தை அடுப்படிச் சுவரிலோ மழை அடிக்கும் பக்கச் சுவரிலோ மாட்ட வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வரும், நம் ஊரில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான். பூஞ்சணம் கண்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கும். நன்றாகக் காற்றாட உலரவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். வர்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் அதுவும் வேண்டாம், தொடாமல் விடுங்கள். கண்ணாடி போட்டால் அது வர்ணத்தில் ஒட்டாமல் இடைவெளி வையுங்கள். படம் பிடிப்பதற்கு மப்பான பகல் வெளிச்சம் போதும். பிளாஷ் கூடாது, கமெரா படத்துக்கு நேராக இருக்கட்டும், பின்பக்கத்தையும் எடுங்கள். பெட்டிப் பலகையில் தோட்டத்து முத்திரை இருந்தால் எந்த ஊர்ப் பலகை என்று அதுவே சொல்லும். எடுத்தவற்றின் பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்க்கிறார்கள், மலையக ஆவணங்களும் அதில் உண்டு.

பண்டாரவளை மருமகன்:
அக்கா சொன்னதில் கடைசி விசயத்தில் மட்டும் எனக்குப் பயம். கொடுக்குமுன் பெயரை எழுதிக் கொடுங்கள். என் மாமனார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையையும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தையும் வரைந்து வைத்திருந்தார். ஆராய்ச்சி என்று வந்த ஒருவர் சிலதை வாங்கிப் போனார், திருப்பித் தரவில்லை. 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருசம் என்று 'மலையகம் 200' நிகழ்வுகள் நடந்த நேரம், ஒரு கண்காட்சியில் அந்தப் பீலிக்கரைப் படம் மாட்டியிருந்தது. கீழே ஒட்டிய சீட்டில் "பெயர் அறியப்படாத தோட்டத் தொழிலாளி". மாமியார் கூட வந்திருந்தார். வாசிக்கத் தெரியாதவர், "என்னய்யா எழுதியிருக்கு, ஒங்க மாமா பேரா?" என்று கேட்டார்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்தவர் இறந்த பிறகும் 70 வருசம் உரிமை இருக்கிறது. தோட்டத்து ஆட்களுக்கும்தான். படத்தைக் கொடுப்பதானால் தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கொட்டகலைப் பேத்தி:
பசறை அண்ணே, கமிட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கமெராவோடு வந்திருப்பேன், அவ்வளவுதான். கண்டி அக்கா, பலகைகளை அடுப்படியிலிருந்து இன்றைக்கே எடுத்துவிட்டேன். ஒன்றின் பின்னால் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறது, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கூடலூர்க்காரரே, உங்கள் மாமாவின் பெயரை இங்கே போட வேண்டாம். தலவாக்கலைப் பக்கம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள். என் அம்மாயி அந்தப் பக்கம் பிறந்தவர், "பெட்டிக்குள்ள மலை வரையிற ஆளு" என்று யாரையோ சொல்லுவார். அவருக்கு நினைவு நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேச்சைப் பதிவு செய்யப்போகிறேன்.