செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிறது: டைமரா, கெப்பாசிட்டரா?

கேள்வி:
இரட்டைத் தொட்டி மெஷின். வாஷ் டைமரைத் திருகினால் பல்சேட்டர் (தொட்டிக்கு அடியில் துணியைச் சுழற்றும் தட்டு) வலப்பக்கம் மட்டும் சுற்றுகிறது. இடப்பக்கம் சுற்ற வேண்டிய நேரத்தில் சத்தமே இல்லாமல் நிற்கிறது. பிறகு மறுபடி வலப்பக்கம். துணியெல்லாம் கயிறாக முறுக்கிக்கொள்கிறது. குமிழ் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. ஸ்பின் நன்றாக ஓடுகிறது. மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம். கெப்பாசிட்டர் போயிருந்தால் இரண்டு பக்கமும் உறுமும், கிளம்பாது. மோட்டாரில் ஒரு சுருள் அறுந்திருந்தாலும் அதே உறுமல்தான். சத்தமே வரவில்லை என்றால் அந்தப் பக்கத்து வயருக்குக் கரண்ட் போகவில்லை. டைமருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காண்டாக்ட் கருகியிருக்கும், இல்லாவிட்டால் டைமருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே வயர் அறுந்திருக்கும். எலி கடிக்கும் இடம் அது.

சில மாடல்களில் செலக்டரை (துவைக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ்) 'ஸ்ட்ராங்'கில் வைத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். ஆனால் அது நடுவில் நிற்காது, ஆகவே உங்களுக்குப் பொருந்தாது.

பதில் 2:
மல்டிமீட்டர் (இரு முனைக்கு நடுவே இணைப்பு இருந்தால் பீப் அடித்து, மின்தடையை ஓமில் காட்டும் கருவி) இருந்தால் பத்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழ்களை நேராக இழுத்தெடுத்து, பேனல் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்குங்கள். எதையும் தொடுமுன் ஒரு போட்டோ. டைமரிலிருந்து கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் போகிற வயர்கள்தான் வலம், இடம். செலக்டரிலிருந்து கரண்ட் கொண்டுவருவது பொது வயர்.

வலம், இடம் இரண்டையும் டைமர் பக்கம் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் மோட்டார் சுருளின் ஓமைக் காட்டி ஏமாற்றும். இந்த டைமர் ஸ்பிரிங்கில் ஓடும் கடிகாரம் மாதிரி. கரண்ட் இல்லாமலே வேலை செய்யும். குமிழைத் திருகிவிட்டு, பொதுவுக்கும் வலத்துக்கும் மீட்டரை வையுங்கள்: சில விநாடி பீப், பிறகு மௌனம், மறுபடி பீப் என்று மாறி மாறி வர வேண்டும். இடத்துக்கும் அப்படியே. பீப் வரும்போது 1 ஓமுக்குள் இருந்தால் நல்லது. 10, 20 என்று ஆடினால் காண்டாக்ட் கருகத் தொடங்கிவிட்டது.

மீட்டர் இல்லையா? டைமர் பக்கம் வலம், இடம் வயர்களை மாற்றிச் செருகி, இணைப்புகளை மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது இடப்பக்கம் மட்டும் சுற்றினால் டைமர் கோளாறு. அதே வலப்பக்கம் சுற்றினால் வயர் கோளாறு.

கேள்வி கேட்டவர்:
வலத்துக்கு 0.4 ஓம். இடத்துக்கு ஒரு பீப்கூட இல்லை. காண்டாக்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதுமா? புது டைமர் என்றால் வயர் நிறம் வேறாக இருக்குமே?

பதில் 2:
தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். மேல்பூச்சு போன காண்டாக்ட் மறுபடி கருகும், திறந்த டைமரில் பல்சக்கரங்கள் தெறித்து விழுவதும் உண்டு. மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் வயர் எண்ணிக்கை, ஷாஃப்ட்டின் நீளமும் வெட்டும், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி மூன்றையும் ஒப்பிடுங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். புது டைமரையும் அதே பீப் சோதனையில் வைத்து, எந்த வயர் மற்ற இரண்டோடும் மாறி மாறிச் சேர்கிறதோ அதைப் பொதுவாகக் கொள்ளுங்கள். வலப்பக்க, இடப்பக்க வயர்கள் தமக்குள் மாறிப்போனால் குடி முழுகாது, எப்படியும் மாறி மாறித்தானே சுற்றப்போகிறது. பொதுவை மாற்றிக் கொடுத்தால்தான் வம்பு: இப்போதிருக்கிற இதே கோளாறு புது டைமரிலும் வரும்!

பதில் 1:
ஒவ்வொரு வயராக வெட்டி, உடனே புதியதில் சேருங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ஈரத்தில் நிற்காது. மூடிய கிரிம்ப் தொப்பி (வயர் முனைகளைச் சேர்த்து நசுக்கிப் பிடிக்கும் மூடி) போட்டு, வாய் கீழே பார்க்கும்படி கட்டுங்கள், தண்ணீர் உள்ளே இறங்காது. குமிழைப் பின்பக்கமாகத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல டைமர்களில் பல் தேய்வது அதனால்தான்.