என்னை நான் கிறிஸ்துவின் சீஷன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

கேள்வி எழுதியவர்: தேடுபவன்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் திடப்படுத்தல் (அந்த விசுவாசத்தைச் சபையின் முன் நானே உறுதிசெய்யும் சடங்கு) எடுத்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருவிருந்தில் பங்குபெற்று வருகிறேன். சென்ற மாதம் அலுவலகக் கூட்டம் ஒன்றில், கணக்கில் தவறாகப் பதிவான ஒரு தொகைக்காக, எனக்குக் கீழே பணிபுரியும் இளைஞரை எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் கடிந்துகொண்டார். அந்தப் பதிவைச் செய்தது நான்தான். நான் வாய் திறக்கவில்லை. அந்த இளைஞர் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று காலையில்தான் மலைப்பிரசங்கத்தை வாசித்து ஜெபித்துவிட்டு வந்திருந்தேன். "கர்த்தாவே, கர்த்தாவே" என்று அழைப்பவர்கள் எல்லோரும் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பதில்லை, பிதாவின் சித்தத்தைச் செய்பவனே பிரவேசிப்பான் என்ற வார்த்தை (மத்தேயு 7:21) அன்றிலிருந்து என்னை உறங்கவிடவில்லை. ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவனுக்கும் சீஷனுக்கும் உள்ள வேறுபாட்டை, வேதத்தின் அடிப்படையில் யாராவது விளக்குவீர்களா?

பதில்: வேதபாட ஆசிரியை

சகோதரரே, 'கிறிஸ்தவர்' என்ற சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில்தான் வருகிறது; அந்தியோகியாவில்தான் அப்பெயர் முதன்முதலில் வழங்கியது (அப்போஸ்தலர் 11:26). 'சீஷன்' என்பதற்குரிய கிரேக்கச் சொல்லோ 250க்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அதற்குக் கற்றுக்கொள்பவன் என்று பொருளே தவிர, கற்றுத் தேர்ந்தவன் என்று பொருளில்லை. நீங்கள் குறிப்பிட்ட வசனத்தோடு மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டு குமாரரின் உவமையையும் வாசியுங்கள். போகமாட்டேன் என்று தகப்பனின் முகத்துக்கு நேரே சொன்னவன், பிறகு மனஸ்தாபப்பட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போனான். போகிறேன் ஐயா என்று பணிவாகச் சொன்னவன் போகவே இல்லை. தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் யார் என்று ஆண்டவர் கேட்க, முந்தினவனே என்கிறார்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். உங்கள் மௌனம் ஒரு 'போகமாட்டேன்'தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தோட்டத்துக்குப் போகும் வழி இன்னும் அடைபடவில்லை.

பதில்: கிருபையால்

ஓர் எச்சரிக்கை மட்டும். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம், அது கிரியைகளால் உண்டானதல்ல (எபேசியர் 2:8, 9). ஒரு நற்செயலைச் செய்து 'உண்மையான சீஷன்' என்ற தகுதியைச் சம்பாதிக்க முயலாதீர்கள். அடுத்த வசனம் நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று சொல்வதையும் மறக்கவேண்டாம்.

பதில்: கரையோரம்

நான் கத்தோலிக்கன்; சீடர் என்றே சொல்லிப் பழகியவன். இந்தக் கேள்வியைப் படித்ததும் இயேசுவின் சீடரான பேதுருவின் நினைவுதான் வந்தது. யோவான் 18ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தவர்களோடு நின்றுகொண்டு, நான் இயேசுவின் சீடன் அல்ல என்று அவர் மறுதலித்தார். 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கரையில் மூட்டிவைத்துக் காத்திருப்பதும் கரிநெருப்பே. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை "என்மீது அன்பு உண்டா" என்று கேட்கிறார். கேட்கும்போது முகத்தருகே அதே புகை, அதே சூடு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனம் வருந்தினான், அதற்காகப் பெற்ற முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பியும் கொடுத்தான், ஆனால் அந்தக் கரைவரைக்கும் வரவில்லை. பேதுருவோ கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டதும் படகு சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தார். வருத்தம் இருவருக்குமே இருந்தது. தான் காயப்படுத்தியவரிடம் திரும்பிச் சென்றவரையே திருச்சபை சீடர் என்று அழைக்கிறது என்பது என் புரிதல்.

தேடுபவன்

அனைவருக்கும் நன்றி. அந்தக் கரிநெருப்பைப் பற்றி வாசித்தபோது அழுதுவிட்டேன். திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்திருக்கிறேன். அந்த இளைஞரிடம் தனியாகச் சொன்னால் போதுமா, அல்லது எல்லோருக்கும் முன்பாகச் சொல்லவேண்டுமா?

பதில்: வேதபாட ஆசிரியை

காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாக வைத்துவிட்டு முன்பு சகோதரனோடே ஒப்புரவாகு என்கிற கட்டளையின்படி (மத்தேயு 5:24), முதலில் அவரிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேளுங்கள். ஆனால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு, ஊரார் முறுமுறுத்துக்கொண்டிருந்தபோதே எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நான்கு மடங்காக) திருப்பித் தருவதாக அறிவித்தான் (லூக்கா 19:8), இரகசியமாக ஈடுசெய்யவில்லை. அந்த இளைஞர் எந்தக் கூட்டத்தில் தலை குனிந்தாரோ, மேலாளரிடம் கேட்டு, அதே கூட்டத்தில் அதே ஆட்கள் கேட்க, பதிவு உங்களுடையது என்று சொல்லுங்கள். காரணங்களை அடுக்கவேண்டாம்; இரண்டு வாக்கியங்கள் போதும். திங்கட்கிழமை காலையில் உங்களுக்காகவும் அந்தத் தம்பிக்காகவும் ஜெபிப்பேன்.