பி.பி.ஆர். வீட்டுக்கு வருமானச் சான்று: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செந்தூலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பி.பி.ஆர். (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மக்கள் வீடமைப்புத் திட்டம்) வீட்டுக்கு அம்மா பெயரில் விண்ணப்பிக்கிறோம். மூன்று அறைகள், மாத வாடகை 124 ரிங்கிட். இப்போது 850 கட்டுகிற எங்களுக்கு அது கனவுதான்.

சிக்கல் வருமானச் சான்றில். அம்மா காலையில் இடியாப்பம் விற்கிறார். கணக்கெல்லாம் தேங்காய்ப்பால் கறை படிந்த நோட்டில், பாதி பென்சிலில். சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது? வருமானத்தை எழுதி, சத்தியப் பிரமாண ஆணையரிடம் (உறுதிமொழிகளுக்குச் சான்றளிப்பவர்) கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் பேச்சை நம்பி ஏற்கெனவே ஒருமுறை அலைந்தாயிற்று.

சிறு வியாபாரம் செய்பவர்கள் யாராவது அண்மையில் விண்ணப்பித்தீர்களா? எதையெல்லாம் இணைத்தீர்கள்? வங்கிக் கணக்கறிக்கை கேட்டார்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழ்மாடி கேட்க மருத்துவர் கடிதம் உதவுமா?