வீட்டு இன்சூரன்ஸ்: வெள்ளிக்குள் சொல்லுங்கள்

மீனா: வீட்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பிரீமியம் ஏறிவிட்டது. வெள்ளச் சேதத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி.

பெரியப்பா: எனக்குத் தெரிந்து அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை. எதற்குக் கட்ட வேண்டும்?

செல்வி அத்தை: வாசற்படி வரை வந்ததே அண்ணா

பெரியப்பா: படியோடு நின்றதல்லவா

ரவி சித்தப்பா: அண்ணா, அந்தக் கணக்கு இனி உதவாது. அப்போது நம் வீட்டருகே ஓடும் ஓடையின் மேல்பகுதியில் முழுக்க மரமும் புல்லும், இப்போது தார் ரோடும் காங்கிரீட்டும். ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். நல்ல மண் அதில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொண்டு மீதியை மெதுவாக விடும். தளம் போட்ட இடத்தில் ஏறக்குறைய எல்லாமே வடிகாலில் ஓடி ஒரே நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும். நாள்கணக்கில் கொட்டினால் காட்டு மண்ணும் ஊறி நிரம்பிவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் முன்பு படியோடு நின்ற அதே மழை இனி ஹாலுக்குள் வரலாம். நம் வீட்டில் ஒரு செங்கல்கூட மாறவில்லை, ஆபத்து மட்டும் ஏறிவிட்டது.

பெரியப்பா: மேலே மரம் வெட்டினால் கீழே வெள்ளமா? யார் சொன்னது?

ரவி சித்தப்பா: சீனாவில் 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கமே ஆற்றின் மேல்பகுதியில் மரம் வெட்டத் தடை போட்டது அண்ணா.

கார்த்தி: நம் ஓடைக்கு மேலே பிளாட் போட நிலத்தை விற்றது யார்?

செல்வி அத்தை: கார்த்தி, வேண்டாம்

பெரியப்பா: உன் படிப்புக்கும் சேர்த்துத்தான் விற்றேன்.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அகிலா சித்தி: பத்திரமெல்லாம் பீரோ கீழ்த்தட்டில்தானே? யாராவது மாடிக்கு எடுத்துப் போங்கள். அம்மா ஆல்பமும்.

செல்வி அத்தை: சாவி அண்ணியிடம்

பெரியம்மா: என்னிடம் இல்லை. போன வருடமே மீனாவிடம் கொடுத்துவிட்டேன்.

மீனா: என்னிடமா??

கார்த்தி: 100 வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்கிறார்களே, அப்படியென்றால் நம் காலத்தில் வராதுதானே?

ரவி சித்தப்பா: இல்லையப்பா. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்று பொருள். 30 வருடம் அங்கே இருந்தால் ஒரு முறையாவது வர 26 சதவீதம். அதுவும் பழைய மழை, பழைய நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. மேலே கட்டுகிறவர் கட்டிவிட்டுப் போகிறார், பிரீமியம் நம் தலையில். அவர்கள் இடத்திலேயே மழைநீரைத் தேக்கிவைக்கக் குட்டை வெட்டச் சொல்லி மனு கொடுக்க வேண்டும்.

மீனா: சித்தப்பா, கட்டவா வேண்டாமா?

ரவி சித்தப்பா: கட்டு. மதில், மோட்டார், கீழ்த்தளச் சாமான் எல்லாம் சேருமா, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

கார்த்தி: கார்?

ரவி சித்தப்பா: அது வேறு பாலிசி. தண்ணீரில் நின்ற காரை மட்டும் ஸ்டார்ட் செய்யாதே. இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால், அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் பணம் வராது.

பெரியப்பா: பாதி நான் தருகிறேன். மனுவையும் எழுது ரவி, முதல் கையெழுத்து என்னுடையது.

மீனா: மீதிப் பாதி?

கார்த்தி: சம்பளம் வந்ததும் போடுகிறேன்

மீனா: வெள்ளிக்குள் வருமா?