கயலின் தேர்வும் ஒட்டுண்ணிகளும்

கயல்: சித்தி, நாளைக்கு ஒட்டுண்ணிகள் பாடத்தில் தேர்வு. ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிர்தான் விருந்தோம்பி, சரி. ஆனால் முதல்நிலை விருந்தோம்பி, இடைநிலை விருந்தோம்பி இரண்டும் குழம்புகிறது. மலேரியா வருவது நமக்குத்தானே? அப்புறம் ஏன் நம்மை இடைநிலை என்கிறார்கள்?

சித்தி: நோய் யாருக்கு என்று பார்க்காதே கண்ணு. ஒட்டுண்ணியின் பாலினப்பெருக்கம் எந்த உடலில் நடக்கிறது என்று பார். அந்த உயிர்தான் முதல்நிலை விருந்தோம்பி. பாலினப்பெருக்கம் இல்லாமல் அது வளரும் மற்ற உயிர் இடைநிலை. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் நம் கல்லீரலிலும் சிவப்பணுக்களிலும் பிளந்து பிளந்துதான் பெருகுகிறது. ஆண், பெண் இனச்செல்கள் சேர்வது அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில்.

மாமா: கொசு நோயைப் பரப்பும் கடத்தி என்றுதானே படித்தோம்?

சித்தி: இரண்டும் அதுதான் அண்ணா. 1897இல் மருத்துவர் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பைச் சுவரில் பார்த்தது அங்கே வளர்ந்துகொண்டிருந்த மலேரியா ஒட்டுண்ணியைத்தான். வீட்டு ஈ அப்படி இல்லை. அமீபாவின் உறை மூடிய நிலையான சிஸ்ட் அதன் காலில் ஒட்டிக்கொண்டு போகும், அதன் உடலில் எதுவும் வளராது. அது வெறும் இயந்திரக் கடத்தி.

கயல்: சரி, பன்றி நாடாப்புழு டீனியா சோலியம்?

சித்தி: அங்கே நாம்தான் முதல்நிலை. புழு முதிர்ந்து முட்டை உருவாக்குவது நம் சிறுகுடலில். பன்றி இடைநிலை, அதன் தசையில் லார்வா சிறு பையாகத் தங்கும். அந்தப் பைக்கு சிஸ்டிசெர்கஸ் என்று பெயர்.

பாட்டி: மூளையில் பூச்சி என்கிறார்களே, அது இதுதானா? இறைச்சியே தொடாதவர்களுக்கு வராதுதானே?

சித்தி: வரும் அம்மா. இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாக வேகாத பன்றி இறைச்சியில் இருக்கும் பையை விழுங்கினால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது முட்டை வழியாக. குடலில் புழு உள்ளவரின் மலத்தில் முட்டை வெளியேறும். அது கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக வாய்க்குள் போனால் குடலில் பொரிந்து, லார்வா குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தோடு தசைக்கும் மூளைக்கும் போகும். வலிப்பு வருவது அதனால். அப்போது நாம் பன்றியின் இடத்தில் நிற்கிறோம் கயல், இடைநிலை விருந்தோம்பியாக.

மாமா: துண்டு துண்டாக வெளியே வந்துவிட்டால் புழு போய்விட்டது என்று அர்த்தமா?

சித்தி: இல்லை அண்ணா. தலைப்பகுதி ஸ்கோலெக்ஸ். அதில் 4 உறிஞ்சிகளும் இரண்டு வரிசைக் கொக்கிகளும் குடலைப் பிடித்திருக்கும். அதற்குக் கீழே உள்ள கழுத்திலிருந்துதான் கண்டங்கள் எனப்படும் புது உடல் துண்டுகள் முளைக்கின்றன. வால் பக்கம் உள்ளவை மூத்தவை, முட்டை நிறைந்து உதிர்பவை. தலையும் கழுத்தும் உள்ளே இருந்தால் மறுபடி நீளும். மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

கயல்: படத்தில் வாய் எங்கே குறிப்பது?

சித்தி: வாயும் கிடையாது, குடலும் கிடையாது. நாம் செரித்த உணவை உடல் சுவர் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

கயல்: கடைசியாக ஒன்று. உருளைப்புழு அஸ்காரிஸுக்கு இடைநிலை விருந்தோம்பி எது?

சித்தி: எதுவும் இல்லை. முட்டை மண்ணில் பக்குவமாகும். விழுங்கினால் லார்வா குடலிலிருந்து கல்லீரல், நுரையீரல் என்று சுற்றி, தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு திரும்பக் குடலுக்கே வந்து முதிரும். ஒரே விருந்தோம்பி என்று எழுது, நுரையீரலை விட்டுவிடாதே.